தெரியாமல் செய்தது ஒட்டுமா?

தெரியாமல் செய்த வினை செய்தவரை ஒட்டுமா, ஒட்டாதா? சமணரும் பௌத்தரும் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டிய கேள்வி இது. நான் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். வந்தவாசிப் பக்கம் எங்களை நயினார் என்பார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டாவது பதில் கிடையாது: ஒட்டும். கல்லூரிக்குப் போய் நாலு புத்தகம் படித்த பிறகு அந்தப் பதில் கொடுமையாகப் பட்டது. காலடியில் எறும்பு இருந்ததையே அறியாதவளை எந்த நியாயத்தில் பிடித்துக் கட்டுவது? பௌத்தர் சொல்வதில்தான் ஈரம் இருக்கிறது என்று நெடுங்காலம் இருந்தேன். இப்போது அந்தக் கட்சியிலும் முழுசாக இல்லை. என்னை நகர்த்தியது பிழைப்புக்காக நான் பார்க்கும் வேலை.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பில்ட் சர்வர்களைப் பராமரிக்கிறேன். அவற்றில் சிகேஷ் என்றொரு கருவி ஓடுகிறது. சாம்பா, ஆர்சிங்க் இரண்டாலும் பெயர் பெற்ற ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் 2002-இல் எழுதியது அது. ஒரு நிரல் கோப்பைக் கம்பைல் செய்யச் (இயந்திர மொழிக்கு மாற்றச்) சொன்னால், அந்தக் கோப்பு, அது இழுத்துக்கொள்ளும் ஹெடர்கள், கம்பைலர், அதற்குக் கொடுத்த ஆப்ஷன்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் என்ற அடையாளக் குறி ஒன்றைப் போடும். அதே ஹாஷ் கிடங்கில் முன்பே இருந்தால் கம்பைலரைக் கூப்பிடாமல் பழைய விளைவை எடுத்து நீட்டிவிடும். இல்லாவிட்டால் கம்பைல் செய்து, விளைவைக் கிடங்கில் போட்டு வைக்கும். போடும்போதும் ஒரு பக்குவம் உண்டு. முதலில் தற்காலிகப் பெயரில் ஒரு கோப்பை எழுதி முடிக்கும். பிறகு சரியான பெயருக்கு மாற்றும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் பிளவுபடாமல் ஒரே அடியில் நடப்பதால், பக்கத்தில் ஓடும் இன்னொரு கம்பைல் அரைகுறைக் கோப்பைப் பார்க்க நேராது.

எங்கள் சர்வரில் குழு மொத்தமும் ஒரே கிடங்கைப் பகிர்ந்துகொள்கிறது. ஒரு நாள் காலையில் பிழை கிளம்பியது: தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை, பெர்மிஷன் டினைடு. எல்லோருக்கும் வரவில்லை. எல்லாக் கோப்புக்கும் வரவில்லை. நூற்றுக்கணக்கான கோப்புகள் ஓடிப் போகும், ஏதோ ஒன்றில் முட்டி நிற்கும். அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் அதுவும் ஓடிவிடும். டிஸ்க் போய்விட்டது என்றார் ஒருவர். கருவியே கோளாறு, தூக்கிப் போடு என்றார் இன்னொருவர்.

பிழைச் செய்தி ஒரு கோப்பின் பெயரைச் சொல்கிறது. போய்த் தேடினால் அப்படி ஒரு கோப்பே இருக்காது, ஏனென்றால் அது பிறக்கவில்லை. யூனிக்ஸில் ஒரு கோப்பை உருவாக்குவதற்கான அனுமதி, அது பிறக்க வேண்டிய டைரக்டரியிடம் இருக்கிறது. அங்கே நுழையவும் எழுதவும் உரிமை வேண்டும். சிகேஷ் தன் கிடங்கை ஹாஷின் முதல் எழுத்தைக் கொண்டு 16 டைரக்டரிகளாகவும், அவை ஒவ்வொன்றையும் அடுத்த எழுத்தைக் கொண்டு இன்னொரு 16 ஆகவும் பிரித்து வைத்திருந்தது. மொத்தம் 256. பட்டியல் போட்டுக் கீழே வரை ஓட்டினேன். உரிமையாளர் என்ற இடத்தில் எங்கள் ஆட்களின் பெயர்களே வந்துகொண்டிருந்தன. ஓரிரு வரிகளில் மட்டும், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் என்று இருந்தது. குழுவின் பெயர் அங்கேயும் சரியாகவே இருந்தது. குழுவுக்கான மூன்று இடங்களில் முதலாவதில் ஆர், கடைசியில் எஸ். நடுவில் டபிள்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு.

அந்தக் கோடுதான் நோய். படிக்கலாம், நுழையலாம், எழுத முடியாது. எந்தக் கோப்பின் ஹாஷ் அந்த டைரக்டரிகளில் விழுந்ததோ அது நின்றது. ஒரு வரி மாறினால் ஹாஷ் மாறும், கோப்பு வேறு டைரக்டரிக்குப் போகும், அதனால் ஓடியது.

கடைசியில் இருந்த எஸ் என்பது செட்ஜிஐடி. உள்ளே பிறக்கும் எல்லாவற்றுக்கும் தாய் டைரக்டரியின் குழுப் பெயரை அது கொடுக்கும். எழுதும் உரிமையைக் கொடுக்காது. அதைத் தீர்மானிப்பது பிறக்கும் நேரத்தில் நடப்பில் இருக்கும் யூமாஸ்க். எங்கள் ஆட்களின் யூமாஸ்க் 002: வெளியாருக்கு மட்டும் எழுத்துரிமை கழிக்கப்படும். ரூட் அதிகாரத்தை இரவல் தரும் சுடோ வழியாக ஓடும் கட்டளைக்கு அது இயல்பாகவே 022: குழுவுக்கும் சேர்த்துக் கழிக்கப்படும். ஆக, யாரோ ரூட்டாக இருந்து கம்பைல் செய்திருக்கிறார்கள்.

ரூட் என்பது ஓர் ஆளின் பெயரல்ல. பூஜ்ஜியம் என்ற எண். சுடோ போட்ட எவரும் அந்தக் கணத்தில் அந்த எண்தான். ஆளைத் தெரிந்துகொள்ள லாகைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். கூப்பிட்டுக் கேட்டேன்.

“அக்கா, நான் பில்டே பண்ணலை. சுடோ மேக் இன்ஸ்டால் மட்டும்தான் போட்டேன்.”

அவன் சொன்னது சத்தியம். பில்டின் படிகளை எழுதி வைக்கும் எங்கள் மேக்ஃபைலில், பதிப்பு எண்ணைச் சுமக்கும் ஒரு ஹெடர் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படும். இன்ஸ்டால் என்று மட்டும் சொன்னாலும், மேக் அந்த ஹெடரைச் சார்ந்த ஓரிரு கோப்புகளை மறுபடி கம்பைல் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும். டிஸ்க் நிரம்பியதென்று கிடங்கை அப்போதுதான் ஒட்டுமொத்தமாகத் துடைத்திருந்தார்கள். உள் டைரக்டரிகளில் பல இன்னும் உருவாகவில்லை. அவற்றில் ஓரிரண்டை முதலில் உருவாக்கியது ரூட்டின் கம்பைல். சர்வரை முன்பு அமைத்தவர்கள் சிகேஷின் அமைப்பில் யூமாஸ்க்கை எழுதி வைக்கவும் இல்லை.

பையனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. கம்பைல் நடந்தது என்ற அறிவுகூட இல்லை. ஆனாலும் ஒட்டிக்கொண்டது.

இயங்குதளத்தின் கருவான கர்னலிடம் போய் “அவனுக்குத் தெரியாது” என்று மன்றாட முடியாது. செயல் நடந்ததா, நடந்தபோது செய்தவரின் எண் என்ன, இந்த இரண்டுதான் அதன் கணக்கு. சமணத்தைக் குறை சொல்பவர்கள் தீட்டிக் காட்டும் சமணமும் இதுதான். எங்கள் மரபில் வினை என்பது வெறும் கருத்தல்ல, நுண்ணிய பொருள். மனமும் வாக்கும் உடலும் அசையும்போது அந்தப் பொருள் உயிரிடம் வந்து சேர்கிறது; கோபமும் செருக்கும் வஞ்சமும் ஆசையும் அதை ஒட்ட வைக்கின்றன.

பாலி மொழியின் மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தம் என்று ஓர் உரையாடல் உண்டு. நாளந்தாவைச் சேர்ந்த உபாலி மகாவீரரின் இல்லறச் சீடன். தீவினைகளில் உடலால் செய்வதே கனமானது என்று நிலைநாட்டப் புத்தரிடம் வாதுக்குப் போகிறான். மனத்தால் செய்வதே கனமானது என்கிறார் புத்தர். உங்கள் துறவி நடந்து போகும்போது எத்தனையோ சிற்றுயிர்கள் மிதிபடுகின்றனவே, அதற்கு உங்கள் ஆசான் என்ன பலன் சொல்கிறார் என்று கேட்கிறார். எண்ணாமல் செய்ததைப் பெருங்குற்றம் என்று சொல்வதில்லை என்கிறான் உபாலி. எண்ணிச் செய்தால்? பெருங்குற்றம். அந்த எண்ணம் எதில் சேர்த்தி? மனத்தில். வாதம் அங்கே சாய்ந்துவிடுகிறது; உபாலி பௌத்தனாக வீடு திரும்புகிறான். எழுதி வைத்தவர்கள் பௌத்தர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சூத்ரகிருதாங்கம் என்ற ஆகமம் பௌத்தர் கொள்கையை இப்படிக் கேலி செய்கிறது: புண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று நினைத்துக் குத்தினால் கொலைப் பாவம், மனிதனைப் புண்ணாக்கு என்று நினைத்துக் குத்திச் சுட்டால் பாவமில்லை. சுரைக்காயையும் குழந்தையையும் வைத்து அதே கணக்கை இன்னொரு முறையும் போட்டுக் காட்டுகிறது. தமிழில் நீலகேசி இருக்கிறாள். குண்டலகேசிக்கு மறுப்பாகப் பிறந்த காப்பியம் அது, 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். பௌத்தர்களின் ஊன் உணவை அவள் விடாமல் குடைவாள். கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்ற சமாதானம் அவளிடம் செல்லாது.

பௌத்தரும் எல்லா இடத்திலும் ஒரே குரலில் பேசவில்லை. தெரிந்து தீமை செய்பவனுக்கா, தெரியாமல் செய்பவனுக்கா பாவம் அதிகம் என்று மிலிந்த மன்னன் கேட்கும்போது, தெரியாமல் செய்பவனுக்கே என்கிறார் பௌத்தத் துறவி நாகசேனர். பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டு என்று அறியாமல் பிடிப்பவனுக்குத்தானே கை அதிகம் வேகும் என்று அவர் கேட்கிறார். தெரிந்தவன் தொட்டாலும் பதறாமல் ஜாக்கிரதையாகத் தொடுவான். நோக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கும் மரபிலிருந்தே இப்படி ஒரு பதில் வந்திருப்பது என்னை ரொம்ப நாள் குடைந்தது.

வந்தவாசிக்குப் பக்கத்தில் பொன்னூர் மலை இருக்கிறது. மேலே சமண ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்குகிறோம். பாவாடை வயதில் படி எண்ணிக்கொண்டு ஏறியிருக்கிறேன். அவர் என்ன எழுதினார் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பிற்பாடு படித்த பிரவசனசாரத்தில் இந்த வழக்குக்குத் தீர்ப்பு இருக்கிறது. உயிர் செத்தாலும் சரி, பிழைத்தாலும் சரி, கவனமின்றி நடப்பவருக்கு இம்சை உறுதி என்கிறார். கவனத்தோடு நடப்பவரின் செயலில் ஓர் உயிர் போய்விட்டால், அதனால் மட்டும் அவருக்குக் கட்டு இல்லை என்கிறார். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரமும் இம்சையை வரையறுக்கும்போது கவனக்குறைவையே முன்னால் வைக்கிறது. நோக்கமா, செயலா என்று இரண்டு கட்சியும் கயிறு இழுத்துக்கொண்டிருக்க, கேள்வியே இவர்கள் கையில் இடம் மாறிவிடுகிறது. தெரியுமா என்று கேட்பதற்கு முன்னால், தெரிந்துகொள்ள முயன்றாயா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆயா இதைச் சூத்திரமாக அறிந்தவள் அல்ல. கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். அதுவரை எல்லா வீட்டிலும் செய்வதுதான். வடிகட்டி முடித்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீராலேயே அலசுவாள். அந்த அலசலை வாளியில் ஊற்றி, கயிற்றில் மெதுவாக நீர்மட்டம் வரை இறக்கி, எடுத்த கிணற்றிலேயே விடுவாள். அடுத்த வீட்டுக் கிணறு ஆகாது. மேலேயிருந்து கொட்டவும் கூடாது. விழுகிற வேகத்தில் அடிபடும். துணியில் சிக்கியது என்ன என்று அவள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்ற சொல் அவளுக்கு விடுதலை தரவில்லை, வேலை வைத்தது.

கவனம் எவ்வளவு வேண்டும் என்பது கையில் இருக்கும் அதிகாரத்தைப் பொறுத்தது. சாதாரணப் பயனராக அந்தப் பையன் எவ்வளவு கவனமின்றி நடந்தாலும் கெடுவது பெரும்பாலும் அவனுடைய கோப்புகள்தான். மற்றவர்களுடையதைத் தொடவிடாமல் கர்னல் தடுத்துவிடும். சுடோ என்று தட்டியதும் அந்தத் தடுப்பெல்லாம் விலகிவிடுகிறது. அதே ஆள், அதே கவனக்குறைவு, ஆனால் இப்போது அடி வாங்குவது குழு மொத்தமும். அவன் செய்ய நினைத்த வேலைக்கு மட்டும் அதிகாரம் போகவில்லை. அந்த வேலை போகிற போக்கில் செய்த உபவேலைகளுக்கும் அதே அதிகாரம் போனது. பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் இது பொருந்தும். கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கெல்லாம் போய் யார் வழியை மறிக்கும் என்று பார்க்காதவர், “என் நோக்கம் நல்லது” என்று சொல்லி இறங்கிவிட முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? சமணம் இங்கேயும் கறாரான வரிசை வைத்திருக்கிறது. தமிழ்ச் சமண நூல்கள் எண்ணும் ஒன்பது பொருள்களில் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு என்று நான்கு உண்டு. வினை உள்ளே வருவது ஊற்று. ஒட்டிக்கொள்வது கட்டு. வரும் வழியை அடைப்பது செறிப்பு. ஏற்கெனவே ஒட்டியதைக் கழிப்பது உதிர்ப்பு. அடைக்காமல் கழித்துக்கொண்டே இருப்பவருக்குக் கணக்கு என்றைக்கும் தீராது.

இந்தப் பிழைக்குப் பரவலாகச் சொல்லப்படும் வைத்தியம் வெறும் உதிர்ப்புதான். ரூட் பெயரில் இருப்பதையெல்லாம் சோன் கட்டளையால் மாற்றிவிடு, முடிந்தது என்பார்கள். அன்றைக்குப் பிழை போய்விடும். அடுத்தவர் சுடோ போட்டதும் திரும்ப வரும். ஆகவே முதலில் அடைத்தேன். சிகேஷின் அமைப்புக் கோப்பில் யூமாஸ்க் 002 என்று எழுதினேன். இனி யார் ஓட்டினாலும், ரூட்டே ஓட்டினாலும், கிடங்கில் பிறப்பது குழுவுக்கு எழுத்துரிமையோடு பிறக்கும். மேக்ஃபைலில் இன்ஸ்டால் விதியை பில்டிலிருந்து பிரித்தேன். இன்ஸ்டால் என்றால் நகலெடுப்பது மட்டும். அதற்குப் பிறகுதான் கிடங்கின் எல்லா டைரக்டரிகளுக்கும் குழு எழுத்துரிமையும் செட்ஜிஐடியும் கொடுத்துப் பழையதைக் கழித்தேன்.

“எதுக்குக்கா இவ்ளோ? 777 குடுத்துட்டுப் போங்க” என்று ஒரு தம்பி சொன்னான். எல்லோருக்கும் எல்லா உரிமையும். கேட்க உடைமை துறந்த வார்த்தை மாதிரி இருக்கும். ஆனால் இது கம்பைல் விளைவுகளின் கிடங்கு. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், யாரோ ஒருவர் வைத்த ஆப்ஜெக்ட் கோப்பு இன்னொருவரின் நிரலுக்குள் ஓசைப்படாமல் போய் உட்காரலாம். பொறுப்பைக் கைகழுவுவதற்குத் துறவு என்று பெயரில்லை.

பையனை என்ன செய்வது என்றும் ஒரு கேள்வி வந்தது. அவனுடைய சுடோவைப் பிடுங்கிவிடலாம் என்று மேலே பேச்சு அடிபட்டது. வேண்டாம் என்று நான் நின்றேன். ஆளை எடைபோடும்போது நோக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே புத்தர் சொன்னதுதான் சரி. கெட்டதைச் சீர்செய்யும்போது நோக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. செயலையும் அதன் தடத்தையும் பார்க்க வேண்டும், அங்கே மகாவீரர் சொன்னதுதான் சரி. இரண்டையும் குழப்பும் இடத்தில்தான் அநியாயம் நடக்கிறது. நல்லவன், தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லிக் கெட்டதை அப்படியே விட்டுவிடுகிறோம். அல்லது கெட்டது பெரிது என்பதற்காக நல்லவனைத் தண்டிக்கிறோம்.

ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது, அதை என்னிடம் கேட்டவன் அந்தப் பையனேதான். யூமாஸ்க்கை அமைப்பில் எழுதி வைத்துவிட்டால் இனி யாரும் கவனமாக இருக்கத் தேவையில்லையே, அப்புறம் அது யாருடைய கவனம்? நல்ல கேள்வி. விரதம் எடுப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று சொன்னேன். பொழுது சாய்ந்த பின் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தவர் ஒவ்வொரு மாலையும் விளக்கில் விழும் பூச்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதில்லை. தெளிவாக இருந்த ஒரு நேரத்தில் யோசித்ததை, களைத்திருக்கும் நேரத்துக்காகக் கட்டி வைத்திருக்கிறார். அதை எழுதியவரின் கவனம் அதில் இருக்கிறது. எழுதப்பட்டதை மாற்றாமல் விடுகிறவரின் கவனமும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டு எல்லோரையும் ஒரே மாதிரி கட்டாது. சாதாரணப் பயனரால் அமைப்புக் கோப்பைத் திருத்த முடியாது. அவரைக் கர்னல் காக்கும். ரூட்டுக்கு எந்த வரியையும் அழிக்க முடியும். எழுதி வைத்த ஒழுங்கு அதிகாரம் இல்லாதவரை வெளியிலிருந்து கட்டுகிறது; அதிகாரம் உள்ளவரோ தானே கட்டுப்பட்டால்தான் உண்டு. அதனால் எங்கள் சர்வரில் யாருக்குப் புதிதாக சுடோ கொடுத்தாலும் நான் சொல்வது இதுதான்: கட்டளையைத் தட்டுவதற்கு முன், நீ நினைத்த வேலையைத் தவிர அது வேறு என்னவெல்லாம் செய்யும் என்று பார். பார்த்தும் பிசகினால் என்னிடம் வா, சேர்ந்து கழிப்போம். பார்க்காமல் செய்துவிட்டு, தெரியாது என்று வராதே.